குட்டி கிழக்கே, குழம்பு மேற்கே

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேற்கே ஓடும் சாலை கிளாவரையோடு முடிந்துவிடுகிறது. மலைச்சரிவுக்கு அந்தப் பக்கம் கோவிலூர், வட்டவடை. இடுக்கி மாவட்டம். அங்கேயும் பேச்சு தமிழ்தான், காட்டில் விளைவதும் இதே பூண்டு, பீன்ஸ், கேரட்தான். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் பழனிக்கு இறங்கி, உடுமலை, சின்னார், மறையூர் என்று அரை நாள் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் வத்தலக்குண்டு, தேனி, போடிமெட்டு.

தென்னிந்தியாவின் முயல் வளர்ப்பு இந்த மலைமுகட்டின் இரு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965-ல் இருந்து மன்னவனூரில் இயங்குகிறது. தலைமையகம் ராஜஸ்தானின் அவிகாநகர். பெயரில் ஆடு இருந்தாலும், இங்கே ஆட்டைத் தேடி வருகிறவர்களைப் போலவே முயலைத் தேடி வருகிறவர்களும் உண்டு. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்ற இரண்டு இறைச்சி இனங்கள் இங்கே பராமரிக்கப்பட்டு, இனவிருத்திக்கான குட்டிகள் பண்ணையாளர்களுக்குத் தரப்படுகின்றன. நீலகிரியில் சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இதே வேலையைச் செய்கிறது. இரண்டும் தமிழ்நாட்டு மலைகள். கறியைச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இருப்பதோ முகட்டுக்கு மேற்கே: தொடுபுழா, கட்டப்பனை, அடிமாலி, கோட்டயம், பாலா. 1940-களிலும் 50-களிலும் கோட்டயம் பக்கமிருந்து மலையேறிக் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்களின் சமையலில் முயலுக்கு இடமுண்டு. தேங்காய்க் கீற்றும் குறுமிளகும் போட்டுச் சுண்ட வதக்கினால் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

தமிழ்நாட்டு வீட்டுக்கு முயல் கறி என்றால் வேட்டை ஞாபகம். மதுரை, சிவகங்கைப் பக்கம் பாரிவேட்டை என்று ஊரே கம்போடு கிளம்பிய காலம் இருந்தது. அந்தக் காட்டு முயல் வேறு, கூண்டில் வளர்வது வேறு. ஒன்றுக்கு 48 குரோமோசோம், மற்றதற்கு 44. இரண்டும் இணைந்து குட்டி போடாது. காட்டு முயல் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறக்கும். வீட்டு முயல் குட்டி ரோமமில்லாமல் கண் மூடிப் பிறக்கும். முன்னது 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. அதை அடித்தால் வனத்துறை வழக்குப் போடும். பின்னது ஐரோப்பாவில் இருந்து வந்த வளர்ப்புப் பிராணி. சோதனைச் சாவடிகளில் இன்றைக்கும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியிருப்பதால், பண்ணையில் வாங்கிய ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பயணிப்பதே புத்திசாலித்தனம்.

முப்பத்தொரு நாள்

முயலைப் பற்றிய எல்லாக் கனவுகளும் அதன் சினைக்காலத்தில் தொடங்குகின்றன. சராசரியாக 31 நாள். ஒரு ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டி. ஐந்தாறு மாதத்தில் பெண் முயல் பருவத்துக்கு வந்துவிடும். மாட்டைப் போலப் பருவ அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆணோடு சேர்த்த பிறகுதான் அதன் கருமுட்டையே வெளிப்படும். சேர்க்கும்போது பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்கக் கடித்துக் குதறும். குட்டி ஈனும் பெட்டியை 27, 28-ஆம் நாளில் வைத்தால், தன் வயிற்று ரோமத்தைப் பிய்த்துத் தானே மெத்தை போட்டுக்கொள்ளும்.

புதிதாக வளர்ப்பவர்களைக் கலங்கடிக்கிற சமாச்சாரம் ஒன்று உண்டு. தாய் முயல் குட்டிகளோடு படுத்துக் கிடப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை, அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும். மற்ற நேரமெல்லாம் குட்டிகள் இருக்கும் பக்கமே திரும்பாது. 'தாய் சேர்க்கவில்லை' என்று பதறி, குட்டிகளைக் கையிலெடுத்துச் சொட்டு மருந்துக் குழாயில் ஆட்டுப்பால் ஊட்டிக் கொன்றவர்கள் ஏராளம். குட்டியின் வயிறு காலையில் உருண்டு திரண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிவிட வேண்டியதுதான்.

புல்லைக் கறியாக்குவதில் இதற்கு ஒரு தனி வழி இருக்கிறது. மாடு அசைபோடுகிறது. முயலுக்கு அது கிடையாது. பெருங்குடலின் பையில் நொதித்த தீவனத்தை மென்மையான புழுக்கையாக்கி, அது கீழே விழுமுன்னே வாயால் எடுத்து விழுங்கி, மறுபடி செரிக்கிறது. நாம் கூண்டுக்கு அடியில் காணும் உலர்ந்த உருண்டை செரிக்காத நாரின் மிச்சம். அந்த உருண்டையை மட்கவைக்காமலே தோட்டத்தில் போடலாம் என்பதால், இடுக்கிக் காய்கறிக்காரர்கள் சிலருக்குக் கறியைவிட எருவின் மேல்தான் கண்.

தீவனத்தில் மலைநாட்டுக்குக் கொடுப்பினை இருக்கிறது. மிளகுக் கொடி ஏற நட்டு வைத்திருக்கும் கல்யாண முருங்கை, மலையாளத்தில் முரிக்கு, முயலுக்கு நல்ல பசுந்தீவனம். கொடிக்கு வெயில் விழக் கிளையைக் கழிக்கும்போதே இலை கிடைத்துவிடும். வட்டவடை, காந்தளூரில் பீன்ஸ் கொடி, கேரட் தழை, கோஸின் வெளி இலை என்று அறுவடைக் காலத்தில் குவியும். பாலக்காட்டுச் சமவெளியில் தவிடும் வேலிமசாலும் அகத்தியும். இங்கேதான் ஓர் எச்சரிக்கை. காய்கறிக் காட்டு மருந்து முழுக்க வெளி இலையில்தான் நிற்கும். ஏலக்காய்த் தோட்டத்துப் புல்லின் கதை இன்னும் மோசம். முயலுக்கு வாந்தியெடுக்க வராது. உள்ளே போனது போனதுதான். ஈரப் புல்லைக் கூட அப்படியே போடக்கூடாது; அரை நாள் வாடவிடாவிட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகும். ஓரிரவில் பத்துக் குட்டி போய்விட்டதென்று வருகிற புலம்பல்களில் பாதிக்குக் காரணம் மழைநாளில் அறுத்த புல். மீதிப் பாதிக்கு ரத்தக்கழிச்சல் நோய். சிமெண்டுத் தரையில் விட்டு வளர்த்தால் இது கட்டாயம் வரும். கம்பி வலைக் கூண்டின் அவசியம் அதனால்தான். கூண்டின் கால்களை எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். பாம்பு, மரநாய்க்கெல்லாம் பயப்படுகிறவர்கள் எறும்பை மறந்துவிடுகிறார்கள். பிறந்த குட்டியை எறும்பு ஒரு ராத்திரியில் முடித்துவிடும்.

கணவாய்க் காற்று

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மாவட்டங்கள் அல்ல. கேரள வரைபடத்தில் நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பார்த்தால் மட்டும் ஆனைமலை இரண்டையும் ஒரே தொடராகக் கோக்கிறது. ஆனால் முயலுக்கு இரண்டும் இரு வேறு உலகம்.

வியர்த்து உடம்பைக் குளிர்விக்க முயலால் முடியாது. காதுதான் அதன் வெப்பம் வெளியேறும் வழி. 15 முதல் 25 டிகிரி வரை சுகமாக இருக்கும். 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நீடித்தால் முதலில் அடிபடுவது ஆண். விந்தணு குறைந்து, குளிர்ந்த பிறகும் மறுபடி தேற வாரக்கணக்காகும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் மார்ச் முதல் மே வரை வெயில் 40-ஐத் தொடும். பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் அனல்காற்றில் கூண்டை எங்கே திருப்பி வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. தென்னங்கீற்றுக் கூரை, ஈரச் சாக்கு, உறையவைத்த தண்ணீர் பாட்டில் என்று சமாளிக்கிறார்கள். உயிர் தங்கும், சினை தங்காது. ஆகவே அந்தச் சமவெளியில் முயல் என்பது ஜூன் தொடங்கி பிப்ரவரி வரைக்குமான தொழில். 'வருஷம் முழுக்க மாதம் ஒரு ஈற்று' என்று காணொளியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் ஏப்ரல் மாதத்தில் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம்.

இடுக்கியில் வெயில் தொல்லை இல்லை, மழைதான். தென்மேற்குப் பருவமழை ஓயாமல் கொட்டும் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் கூண்டு காயாது. காதில் சொறி ஏறும், மூக்கொழுகும். இரண்டு சங்கடமும் குறைவான இடம் மறையூர், காந்தளூர், வட்டவடை. மழைமறைவுப் பிரதேசம், உயரம் இருப்பதால் குளிர், மழை குறைவென்பதால் காய்ந்த தரை. என் கணிப்பில் கேரளத்தில் முயலுக்கு இதைவிடத் தோதான மூலை இல்லை. சந்தைக்குத்தான் அங்கிருந்து மூணாறைத் தாண்டி வெகுதூரம் இறங்க வேண்டும்.

வாரம் ஐந்து கிலோ

பத்துத் தாய் முயல் வைத்திருக்கும் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிதானமாக வளர்த்தால் வருடத்துக்கு ஐந்து ஈற்று. ஈற்றுக்கு ஐந்து குட்டி பிழைத்து வளர்ந்தது என்று வைத்துக்கொண்டால் 250. மூன்று மாதத்தில் தலைக்கு இரண்டு கிலோ உயிர் எடை என்றால் 500 கிலோ. தோல், குடல் எல்லாம் போகப் பாதிதான் கறி: 250 கிலோ. வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ.

ஐந்து கிலோவை அக்கம்பக்கத்திலேயே விற்றுவிடலாம். பள்ளிக்கூட வாத்தியார் ஒன்று, ஜீப் ஓட்டுகிறவர் ஒன்று, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முன்பணத்தோடு வரும் நாலு வீடு. வீட்டுக் கழிவும் வேலியோரத் தழையும் தீவனம். காலையும் மாலையும் வீட்டில் இருக்கும் ஒருவரின் உழைப்பு. இந்த அளவில் முயல் யாரையும் கைவிட்டதில்லை.

இதே கணக்கை நூறு தாய் முயலுக்குப் போடுங்கள். வாரம் 50 கிலோ. அக்கம்பக்கம் இனிப் போதாது. கடை வேண்டும், குளிர்பெட்டி வேண்டும், அறுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், உரிமம் வேண்டும். தழை பறித்துக் கட்டாது, மூட்டைத் தீவனம் வாங்க வேண்டும். கோழிக்கடைக்காரன் விலையோடு போட்டி போட வேண்டும். பத்தில் லாபம் பார்த்தவர் நூறில் கடனாளியாவது கூண்டில் செய்த தவறால் அல்ல.

அந்த இடைவெளியைத்தான் 'திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்கிற ஒப்பந்தக்காரர்கள் நிரப்ப வருகிறார்கள். ஒரு செட் இவ்வளவு, குட்டியை நாங்களே இந்த விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்பார்கள். கறி விலையைவிட உயிர்க்குட்டி விலை பல மடங்கு அதிகமாக இருக்கும். எடுத்த குட்டி எங்கே போகிறது என்று பார்த்தால் அடுத்து சேர்கிற ஆளின் கூண்டுக்கு. சாப்பிடுகிறவன் அந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை. புது ஆள் வருவது நின்றால் எல்லாம் நின்றுவிடும். கொங்கு மண்டலத்துக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெருந்துறையை மையமாக வைத்து நடந்த ஈமு கோழி வியாபாரம் 2012-ல் சரிந்தபோது, தீவனம் போட ஆளில்லாமல் பட்டினி கிடந்த பறவைகளை அரசாங்கம் பராமரிக்க வேண்டியதாயிற்று. முயலில் ஏமாற்றம் அந்த அளவு பெரிதாகச் செய்தியாகவில்லை. முதலீடு சிறியது என்பதால் நஷ்டப்பட்டவர் கூண்டை எடைக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்.

சட்டமும் தன் பங்குக்கு விளையாடியது. 2011-ன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில், எவையெல்லாம் உணவுக்கான விலங்கு என்ற வரையறையில் செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம், கோழி, மீன் இருந்தன. முயல் இல்லை. யாரும் திட்டமிட்டு விலக்கியதாகத் தெரியவில்லை. பட்டியல் எழுதியவர்களின் சாப்பாட்டு மேசைக்கு அது வந்ததில்லை போலும். அதைச் சுட்டிக்காட்டி 2014 வாக்கில் கேரளத்தில் முயல் அறுப்புக்குத் தடை விழுந்தது. முந்தின வருடம் வரை கால்நடைத் துறையே பயிற்சி கொடுத்து வளர்க்கச் சொன்ன பிராணி, திடீரென்று அறுக்கக் கூடாததாயிற்று. கூண்டில் இருப்பதோ வேகமாகப் பெருகும் ஜாதி. வளர்ப்பாளர்கள் திரண்டு முறையிட்டார்கள். பின்னர் வீட்டு முயலும் விதிகளுக்குள் வந்தது. ஆனால் அந்த இடைவெளியில் தொழிலை விட்டவர்கள் பலர் திரும்பவில்லை. இப்போதும் அரசின் பார்வை அரைகுறைதான். தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டுப் பட்டியலில் முயல் உண்டு. தொழில்முனைவோர் மானியத்தில் கோழி, ஆடு, பன்றிக்கு இடம் கொடுத்து, 2024 பிப்ரவரியில் குதிரை, கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்தார்கள். முயல் வெளியிலேயே நிற்கிறது. இடுக்கியில் எத்தனை பேர் ஒட்டகம் வளர்க்கிறார்கள் என்று டெல்லியில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மேற்கில் ஒரு வசதி இருக்கிறது, கிழக்கில் அதற்கு இணை இல்லை. கூத்தாட்டுகுளத்தில் 1973-ல் தொடங்கிய கேரள அரசின் மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் முயலிறைச்சியையும் விற்கிறது. மண்ணுத்தியில் கால்நடைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாக முயல் இனங்களை வைத்து ஆய்வு செய்கிறது. கிழக்கே தமிழ்நாட்டில் செல்லப்பிராணிக் கடைக்கும், மருந்துச் சோதனைக் கூடங்களுக்கும் விற்பனை போகிறது. நல்ல குட்டி கைக்கெட்டும் தூரத்தில், சாப்பிடுகிறவன் சோதனைச் சாவடிக்கு அப்பால்.

ரோமம் எங்கே போயிற்று?

முயல் என்றதும் ரோமத்தைக் கேட்பவர்கள் உண்டு. அங்கோரா முயலின் ரோமம் 11 முதல் 13 மைக்ரான் கனம்தான். உள்ளே காற்றறைகள் இருப்பதால் ஆட்டு ரோமத்தைவிடக் கதகதப்பு. இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்கலாம். இமாசலத்தில் குல்லு பள்ளத்தாக்கின் கர்சா நிலையம் ஜெர்மன் அங்கோராவை வளர்த்துப் பரப்பியது. குல்லுவில் சால்வை நெய்யும் கைகள் ஏற்கெனவே இருந்ததால் அங்கே அது பிழைத்தது. வட்டவடையின் குளிர் அங்கோராவுக்குப் பொருந்தாது என்று சொல்ல முடியாது. ஆனால் நூற்பவர் யார்? வாங்குபவர் யார்? மூணாறில் சுற்றுலாப் பயணி வாங்கும் ஸ்வெட்டர் லூதியானாவில் இருந்து வருகிறது. உலகச் சந்தையும் கெட்டுப்போயிருக்கிறது. சீனாவில் உயிரோடு ரோமம் பிடுங்கப்பட்டு முயல்கள் அலறும் காணொளியை 2013-ல் விலங்குரிமை அமைப்பான பீட்டா வெளியிட்ட பிறகு, பெரிய ஆடை நிறுவனங்கள் வரிசையாக அங்கோராவை நிறுத்தின. கத்தரித்து எடுப்பவரும் பிடுங்கி எடுப்பவரோடு சேர்ந்து அடிபட்டார். ஆகவே இந்த எல்லையில் ரோமத்தை நம்பிக் கூண்டு போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கொடுத்தால் வளர்ப்பார்களா?

ஏழை நாடுகளின் புரதக் குறையை முயல் தீர்க்கும் என்பது பழைய நம்பிக்கை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1980-களில் முயல் வளர்ப்புக்கென்றே தனி நூல் போட்டது. கானா 1970-களில் தேசிய முயல் திட்டம் நடத்தியது. சமீபத்திய உதாரணம் வெனிசுவேலா. 2017-ல் பஞ்சம் முற்றியபோது அதிபர் மதுரோவின் அரசு 15 குடியிருப்புகளுக்கு முயல் குட்டிகளை விநியோகித்தது. சில நாள் கழித்து அதிகாரிகள் போய்ப் பார்த்தால் குட்டிகளுக்குப் பெயர் சூட்டி, ரிப்பன் கட்டி, படுக்கையில் கூடவே தூங்க வைத்திருந்தார்கள். முயல் செல்லப்பிராணி அல்ல, இரண்டரைக் கிலோ இறைச்சி என்று அமைச்சர் பெர்னால் தொலைக்காட்சியில் வந்து விளக்க வேண்டியதாயிற்று.

சிரித்துவிட்டு அட்டப்பாடியைப் பார்க்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் இந்தப் பழங்குடிப் பகுதியில் 2013-ல் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தாய்மாரின் ஊட்டச்சத்துக் குறைவு பெரிய காரணமாகப் பேசப்பட்டது. கொழுப்புக் குறைந்து, ஐந்தில் ஒரு பங்கு புரதம் உள்ள முயல் கறியை அங்கே கொண்டுபோனால் என்ன என்று கேட்பது எளிது. இருளரும் முடுகரும் குறும்பரும் வளர்த்துப் பழகியது மலையில் மேய்ந்துவிட்டுத் தானே திரும்பும் அட்டப்பாடிக் கருப்பாடு. கூண்டில் அடைத்து, வேளாவேளைக்குத் தழை பறித்துப் போட்டு, தினமும் சாணம் வழிக்க வேண்டிய பிராணி அவர்களின் நாளுக்குள் எப்படி நுழையும்? விளைநிலத்தை இழந்ததும், ராகியும் துவரையும் தட்டில் இருந்து போனதும் மூலக்காரணம் என்றால், முயல் அதற்கு மருந்து அல்ல. விருப்பப்பட்டுக் கேட்கிற வீட்டுக்கு ஒரு கூண்டு கொடுக்கலாம். ஊருக்கு நூறு கூண்டு என்று இலக்கு வைத்தால், புகைப்படம் எடுத்த மறுமாதம் கூண்டில் கோழி அடைந்திருக்கும்.

வாங்கப் போகிறவருக்கு

இதையெல்லாம் கேட்ட பிறகும் வளர்க்க வேண்டும் என்று தோன்றினால், ஓர் ஆண், மூன்று பெண்ணோடு தொடங்கலாம். எல்லையோரப் பண்ணைகளில் சுற்றிச் சுற்றி வருவது பெரும்பாலும் ஒரே ரத்தம். அண்ணன் தங்கையைச் சேர்த்துச் சேர்த்து, இரண்டு கிலோவைத் தொட வேண்டிய மூன்று மாதக் குட்டி ஒன்றேகால் கிலோவில் நின்றுவிடுகிறது. ஆண் ஒரு பண்ணையில், பெண் வேறு பண்ணையில் வாங்க வேண்டும். காதுக்குள் பொருக்கு இருக்கிறதா, முன்பற்கள் மேலும் கீழும் பொருந்துகிறதா, பின்னங்காலின் அடியில் புண் உண்டா, முன்னங்காலின் உட்புற ரோமம் ஒட்டிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இருந்தால் மூக்கொழுகலைக் காலால் துடைத்திருக்கிறது என்று பொருள். எந்த ஈற்று, தாய் எது, தந்தை எது என்ற அட்டை இல்லாத பண்ணையில் எவ்வளவு அழகான முயலாக இருந்தாலும் வேண்டாம்.

வாங்கியதை ராத்திரியில், காற்றோட்டமான பெட்டியில், ஒன்றோடொன்று சேர்க்காமல் கொண்டு வர வேண்டும். அங்கே என்ன தீவனம் போட்டார்களோ அதையே ஒரு வாரத்துக்கு வாங்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உங்கள் தழைக்கு மாற்ற வேண்டும். முதல் ஈற்றுக்கு முன்னாலேயே, அந்தக் குட்டிகளை வாங்கப் போகும் ஐந்து வீடுகளின் பெயரை எழுதிவிடுங்கள். எழுத முடியவில்லை என்றால் பெண்ணை ஆண் கூண்டுக்குக் கொண்டுபோவதைத் தள்ளிப்போடுங்கள்.